ஒரிஜினல் பிள்ளைகள்

என் கடையில் கல்யாணத்துக்கு நாற்காலி கிடைக்கும். சாவுக்கும் அதே நாற்காலிதான். துணி உறையை மட்டும் மாற்றிப் போட்டு அனுப்புவேன். அந்த வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் எப்போதோ கடையை இழுத்து மூடியிருப்பேன். ஜனங்கள் தினமும் கல்யாணம் பண்ணிக்கொள்வதில்லை, சாவதற்கும் நம் சௌகரியத்தைக் கேட்பதில்லை. என்னை நிமிர்த்திவிட்டது ஆடிட்தான்.

ஆடிட் என்றதும் வரவு செலவு பார்ப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரைச் சுற்றித் துணி தைக்கும் கம்பெனிகள் ஏராளம். தைப்பதை வாங்குகிறவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். 'பையர்' என்று சொன்னால் போதும், இங்கே முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எழுந்து நிற்பார்கள். பையருக்கு ரொம்ப இளகின மனசு. தைக்கிற பெண்களுக்கு முதுகு சாய நாற்காலி இருக்கிறதா, தீப்பிடித்தால் அணைக்க வழி இருக்கிறதா, குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவர வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்புவார். அதையெல்லாம் வாங்கிவைக்கக் காசு சேர்த்துக் கொடுக்க மட்டும் அவருக்கு ஞாபகம் வராது. கம்பெனிக்காரன் பாவம், என்ன செய்வான்? ஒரு நாள் காட்டுவதற்கு எவனாவது விலை கொடுத்து வாங்குவானா? வாடகைக்கு எடுப்பான். அங்கேதான் நான் வருகிறேன்.

என்னிடம் எல்லாம் உண்டு. முதுகு சாயும் நாற்காலி, சிவப்பு சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, வெளியே போகும் வழி என்று பச்சையாக எரியும் பலகை. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினும் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒன்றும் கிடையாது, விளக்கு மட்டும் அழகாக எரியும். புகார்ப் பெட்டி பூட்டோடு வரும், உள்ளே மிதமான புகார்கள் நாலைந்து போட்டுத்தான் அனுப்புவேன். காலியாக இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வந்துவிடும், காரமாக இருந்தால் கம்பெனிக்கு ஆபத்து. 'மின்விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றுகிறது' என்பது மாதிரி இருக்க வேண்டும். அந்த அளவு தெரிந்து எழுதுவதில்தான் தொழில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய சரக்கு, காப்பகம். பெண்கள் நிறைய வேலை செய்யும் இடத்தில் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் இருக்க வேண்டும் என்பது பையர் போட்ட விதி. நான் முழு செட்டாகத் தருவேன். இரும்புச் சட்டத்தில் தொங்கும் தொட்டில்கள், ரப்பர் பாய், பொம்மைக் கூடை, அழுக்குச் சுவரை மறைக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்த பெரிய திரை, வெள்ளை உடுப்புப் போட்ட ஆயா. பிள்ளைகளும் உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகள்தான். காலையில் வேனில் ஏற்றிப் போய், பாலும் பிஸ்கட்டும் கொடுத்து, சாயங்காலம் அவரவர் வீட்டில் இறக்கிவிடுவேன். இன்றுவரை ஒரு பிள்ளைகூட மாறிப்போனதில்லை. இந்த நாணயம் எத்தனை பேரிடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

என் மகள் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் வேலை பார்த்தாள். கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனி. அவளுக்குக் கழுத்துப் பட்டி தைக்கிற வேலை. சின்னக் கழுத்து என்பதால் கை கொஞ்சம் பிசகினாலும் துணி சுருங்கிவிடும், எல்லாருக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள். சட்டையில் தொங்கும் அட்டையில் ஓர் அம்மாவும் பிள்ளையும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தைக்கிறவளின் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அட்டையில் போட்டிருக்காது.

அந்தப் பிள்ளை என் வீட்டில் இருந்தது. என் பேத்தி. பெயர் ஒன்று வைத்தோம், ஆனால் எல்லாருக்கும் அவள் வாண்டுதான். நடக்கப் பழகாமல் நேராக ஓடப் பழகியவள். மாப்பிள்ளை துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அதனால் பகலெல்லாம் வாண்டுவை என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் கட்டிலில் படுத்தபடி எங்களை அதிகாரம் பண்ண முடிந்ததே தவிர, வாண்டுவின் பின்னால் ஓட முடியவில்லை.

மகள் ரெண்டு நாள் லீவு போட்டாள், மறுபடி ரெண்டு நாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை லீவு கேட்டா அப்படியே வீட்லயே இருந்துக்கோ. உன் சீட்டுக்கு வெளிய ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் சம்பளம் வீட்டு வாடகைக்கே சரியாகப் போகும். மகள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வேறு வழியில்லாமல் வாண்டுவை என் கடைக்குத் தூக்கி வந்தேன்.

நாற்காலிக் கடை குழந்தைக்கு ஏற்ற இடமா? நான் ஃபோனில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் தடதடவென்று சத்தம். அடுக்கி வைத்திருந்த நாற்காலிக் கோபுரம் ஒன்று அப்படியே சரிந்து கிடந்தது. வாண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவளை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

சாயங்காலம் மகளிடம் மறைக்கத்தான் நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நானே சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்க கடையில தொட்டில் எல்லாம் சும்மா தொங்குது. எங்க கம்பெனியில ஒரு ரூம் சும்மா கிடக்குது. ரெண்டையும் சேர்த்து வைக்க உங்களுக்கு மனசு வரலையே?"

"சேர்த்துத்தானே வைக்கிறேன். வருஷம் ஒரு தடவை."

"அன்னிக்கு மட்டும்தான் நாங்க பிள்ளை பெத்தவங்களா?"

"தொழில் வேற, பாசம் வேற கண்ணு."

"ஆமா, வாடகை வராம நீங்க சிரிக்கக்கூட மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கட்டிலில் இருந்து என் மனைவி, "சரியாத்தான் சொல்றா" என்று குரல் கொடுத்தாள்.

இந்த நிலைமையில்தான் மகள் வேலை பார்க்கும் கம்பெனியின் மேனேஜர் என் கடைக்கு வந்தார். வழக்கமாக ஃபோனிலேயே முடித்துக்கொள்கிறவர் நேரில் வந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"அண்ணே, அடுத்த வாரம் ஆடிட். காப்பகம் முழு செட் வேணும். ஆனா பிள்ளைங்க வேண்டாம்."

"பிள்ளை இல்லாத காப்பகமா? அப்புறம் தொட்டில்ல என்ன, துணி காயப்போடுவீங்களா?"

"கேளுங்க அண்ணே. இந்த தடவை புதுசா ஒரு ஆடிட்டர் அம்மா வந்திருக்காங்க. ரொம்பப் பொல்லாதவங்க. பக்கத்து கம்பெனியில ஒரு பையனைப் பிடிச்சு, 'உங்க அம்மா எந்த மெஷின்ல இருக்காங்க?'ன்னு கேட்டிருக்காங்க. அவன், 'எங்க அம்மா வீட்ல தூங்குது, சாயங்காலம் வேன் தாத்தா கொண்டுபோய் விடுவாரு'ன்னு சொல்லிட்டான். அந்தக் கம்பெனி கதை முடிஞ்சுது."

வேன் தாத்தா நான்தான். என் தொழில் அம்பலமானதைவிட 'தாத்தா' என்றது எனக்கு உறுத்தியது.

"அதனால இந்த தடவை ஒரிஜினல் பிள்ளைங்க வேணும். எங்க டெய்லருங்க பெத்த பிள்ளைங்க. அம்மாவைக் காட்டுன்னா டக்குனு காட்டணும். தையல் லைன்ல சொல்லிட்டேன், சின்னப் பிள்ளை இருக்கிறவங்க எல்லாம் அன்னிக்குத் தூக்கிட்டு வாங்கன்னு."

நான் அவர் மூளையை மெச்சினேன். பொய் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பதற்காக உண்மையையே கூட்டிவருகிறார். இதில் என்ன வம்பு இருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆடிட் அன்று நானே நின்று எல்லாவற்றையும் மாட்டினேன். அட்டைப் பெட்டிகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, கூட்டித் துடைத்து, திரையைத் தொங்கவிட்டதும் எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். தொட்டிலைத் தொட்டுப் பார்த்தார்கள், ஆட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி பாயை முகர்ந்துகூடப் பார்த்தாள். என் மகள் வாண்டுவை இறக்கிவிட்டு, என்னை யாரோ மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள்.

ஆடிட்டர் அம்மா பார்க்கப் பொல்லாதவராகத் தெரியவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காப்பகத்துக்குள் வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாக வாண்டுவிடம், "உன் அம்மா எங்கே?" என்று கேட்டார். வாண்டு பதில் சொல்லவில்லை. விருட்டென்று ஓடினாள். வரிசை வரிசையாக மெஷின்களுக்கு நடுவே புகுந்து, வழியில் யார் கூப்பிட்டும் திரும்பாமல் என் மகளின் காலைப் போய்க் கட்டிக்கொண்டாள். ஆடிட்டர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜருக்கும் கலங்கியது, அவருக்கு நிம்மதியில். நிறையப் போட்டோ எடுத்தார்கள்.

போகும்போது அந்த அம்மா ஒரு குண்டைப் போட்டார். இந்த வாரம் முழுக்க இந்த ஊரில்தான் இருப்பாராம், சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரமும் மறுபடி வருவாராம். மேனேஜர் முகம் சுண்டிப்போய், "அண்ணே, வாரம் பூரா இருக்கட்டும்" என்றார். எனக்கு அன்று நல்ல நேரம்.

அந்த வாரம் எங்கள் வீடே வேறு மாதிரி இருந்தது. மகள் காலையில் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி கிளம்பினாள். டீ நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம். மனைவி கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினாள். கம்பெனியிலும் லைன் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை என்று கேள்விப்பட்டேன். பெண்கள் லீவு கேட்கவில்லை, வீட்டை நினைத்துக் கையில் ஊசி ஏற்றிக்கொள்ளவும் இல்லை. எனக்கு மகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, வாடகை ஏறிக்கொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

ஆடிட்டர் அம்மா விமானம் ஏறிய மறுநாள் வேனை எடுத்துக்கொண்டு சாமான்களை ஏற்றப் போனேன். காப்பகத்து வாசலில் மகள் உதட்டில் விரலை வைத்தபடி நின்றாள்.

"அப்பா, தொட்டில்ல பிள்ளை தூங்குது. எழுப்பாதீங்க."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். எல்லாத் தொட்டிலிலும் பிள்ளைகள். "சரி, எழுந்ததும் எடுத்துக்கறேன்" என்று வெளியே உட்கார்ந்தேன். ஒன்று எழுந்தால் அந்த இடத்தில் இன்னொன்றைப் படுக்கவைத்தாள் ஆயா. அவளும் என் ஆள்தான், என் சம்பளம்தான், ஆனால் அந்தப் பெண்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வெறும் வேனோடு திரும்பினேன்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அப்படியே. மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன அண்ணே, ஒரு தொட்டிலைத் தூக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

"தொட்டிலைத் தூக்கத் தெரியும் சார். பிள்ளையோட தூக்கினா அதுக்கு வேற பேரு சொல்லுவாங்க."

அவரே உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை எடுத்தார். அது வீல் என்று கத்தியது. என் மகள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். கூடவே மற்ற அம்மாக்களும் எழுந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை, யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "அழறது என் பிள்ளையான்னு பார்த்துட்டு வரேன் சார்" என்றார்கள், அவ்வளவுதான். தன் பிள்ளை அழுகிற சத்தம் எந்த அம்மாவுக்கும் தெரியும். அன்று மட்டும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

தையல் லைனில் ஒருத்தி தைத்ததைத்தான் அடுத்தவள் தைக்க வேண்டும். கழுத்து வராமல் கை ஒட்ட முடியாது. கை ஒட்டாமல் பொத்தான் வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க மெஷின் சத்தம் அடங்கிப்போனது. வாசலில் மாப்பிள்ளையின் லாரி மாதிரி ஒரு கன்டெய்னர் லாரி சரக்குக்காக இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நின்றது. மேனேஜர் கையில் கத்துகிற பிள்ளையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இருந்து தொலையட்டும்" என்றார். பிள்ளையைத் திரும்பத் தொட்டிலில் போடத் தெரியாமல் என் கையில் கொடுத்தார்.

அப்படித்தான் பொய்க் காப்பகம் மெய்க் காப்பகம் ஆனது. மேனேஜரால் அப்புறமும் எடுக்க முடியவில்லை. காரணம், பையர் அந்தப் போட்டோக்களைத் தங்கள் கம்பெனி விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே வாண்டு சிரிக்கிறாள். 'எங்கள் குடும்பம்' என்று எழுதியிருந்ததாம். என் பேத்தி எப்போது அவர்கள் குடும்பத்தில் சேர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. மாசாமாசம் வாடகை வந்தது. நானும் கேள்வி கேட்கவில்லை.

சில மாசம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் மேனேஜர் கடைக்கு வந்து, சாவு வீட்டிலிருந்து திரும்பியிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அடுத்த சீசனுக்கு விலையைக் குறைன்னு பையர் சொல்றாங்க அண்ணே. போன வருஷமும் குறைச்சாங்க. நூல் விலை ஏறுது, கரன்ட் ஏறுது, சட்டை விலை மட்டும் இறங்குது. நான் எதைக் குறைக்கட்டும்? நூலைக் குறைச்சா சட்டை பிரிஞ்சிடும். தொட்டிலைத்தான் குறைக்கணும்."

"காப்பகம் வேணும்னு அவங்கதானே சொன்னாங்க?"

"வேணும்னு சொல்றது ஒரு ஆள், விலை பேசறது ஒரு ஆள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே மாட்டாங்க போல." பாவமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் அவரையும் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

இதற்கு நடுவில் பையர் ஒரு விழா வைத்தார்கள். சிறந்த காப்பகத்துக்குப் பாராட்டு, எல்லாம் கம்ப்யூட்டர் திரையில். அம்மாக்கள் சார்பில் ஒருத்தி நன்றி சொல்ல வேண்டும் என்று என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டோவில் இருந்தது அவள் பிள்ளைதானே. பின்னால் தெரிகிற திரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று என்னை வரவழைத்து ஒட்டகச்சிவிங்கியைத் துடைக்கச் சொன்னார்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரையில் ஆடிட்டர் அம்மா இருந்தார். பக்கத்துக் கட்டத்தில் விலை பேசுகிற ஆள். சொல்ல வேண்டியதை மேனேஜர் மகளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் அதை ஒழுங்காகச் சொன்னாள். சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள்.

"இன்னும் ஒண்ணு கேக்கணும். காப்பகம் வேணும்கிற விதி உங்களோடது. பிள்ளை எங்களோடது. செலவு மட்டும் எங்க மேனேஜரோடதா? சட்டை விலையைக் குறைச்சா அவர் தொட்டிலை எடுத்துடுவார். தொட்டில் இருக்கணும்னு விதி எழுதின மாதிரி, அதுக்கு உண்டானதை விலையில சேர்த்துக் கொடுக்கணும்னும் ஒரு விதி எழுதுங்களேன்."

மொழிபெயர்ப்பாளர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். கடைசியில் மொழிபெயர்ப்பாளர் வேறு வழியில்லாமல் அப்படியே சொன்னார். திரையில் யாரும் அசையவில்லை, நெட் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பிறகு ஆடிட்டர் அம்மா முகம் மலர்ந்து, இது மிக அருமையான கேள்வி என்றார். இப்படித் துணிந்து பேசும் பெண்களைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கே வந்தாராம். ஆனால் விலை அவருடைய துறை இல்லையாம். விலை பேசுகிற ஆளும் அதை ஒத்துக்கொண்டார், அருமையான கேள்விதான் என்றார். ஆனால் கம்பெனியின் உள்விவகாரத்தில் தலையிடுவது மரியாதை ஆகாது, விலையை முடிவு செய்வது சந்தைதான் என்றார். அதற்கப்புறம் எல்லாரும் கைதட்டினார்கள். திரையில் இருந்தவர்களும் தட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

வேனில் திரும்பும்போது மகள் கேட்டாள்.

"சந்தை சந்தைன்னாங்களே, அவரு வந்திருந்தாராப்பா அந்த ஸ்கிரீன்ல?"

"இல்ல கண்ணு. அவரு எந்த மீட்டிங்குக்கும் வர மாட்டாரு."

மேனேஜரால் அவர்கள் கேட்ட விலைக்கு இறங்க முடியவில்லை. ஆர்டர் போய்விட்டது. எங்கே போனது என்று மாப்பிள்ளைதான் வந்து சொன்னார். லாரி ஓட்டி வந்த களைப்போடு வாசலிலேயே உட்கார்ந்து, "அதே சட்டை மாமா. அதே அட்டை. இங்கிருந்து அரை நாள் பயணம், வேற ஊரு. அங்க லோடு ஏத்தச் சொன்னாங்க" என்றார்.

"அங்க காப்பகம் இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

"நான் பார்த்த வரைக்கும் வாசல்ல ஒரு நாய்தான் படுத்திருந்தது" என்றார் அவர்.

மகளின் கம்பெனியில் பாதி லைனை மூடினார்கள். பிள்ளைக்காரிகளைத்தான் முதலில் அனுப்பினார்கள், அவர்களுக்குத்தானே செலவு அதிகம். சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஃபோன் வந்தது. போனேன். காப்பகத்தில் ஒருவரும் இல்லை, பாயில் ஒரு பொம்மை மட்டும் குப்புறக் கிடந்தது. எத்தனை நாள் இந்தத் தொட்டில்களுக்காக வெளியே காத்துக் கிடந்திருக்கிறேன்! இப்போது தடுக்க ஆள் இல்லை, எனக்குத்தான் கை வரவில்லை. மேனேஜர் வந்து தொட்டிலின் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக எல்லாவற்றையும் ஏற்றினோம்.

அன்று வீட்டில் நான் கத்தினேன். யார் மேல் கோபம் என்று தெரியாவிட்டால் கையெட்டும் தூரத்தில் இருப்பவர்கள்மேல்தானே காட்ட முடியும்?

"கேள்வி கேட்டியே, இப்ப என்ன ஆச்சு? வாயை மூடிட்டு நன்றி மட்டும் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்."

"ஓடியிருக்காதுப்பா. நான் கேட்டதுக்காகப் போகல அவங்க. இங்க தொட்டில் இருக்கு, அங்க இல்ல, அதான் அங்க விலை குறைவு. அங்கயும் வச்சா வேற எங்கயாவது போவாங்க. எல்லா எடத்துலயும் இருந்தாத்தான் போறதுக்கு எடம் இருக்காது." வாண்டுவைக் காட்டினாள். "அதுவரைக்கும் இவளை நான் எங்க விடறது?"

"எல்லா எடத்துலயும் இருந்துட்டா என் கடை எங்க போறது?" என்று முணுமுணுத்தேன்.

"ஊர்ல கல்யாணம் நடக்குமில்ல, அதைப் பாருங்க" என்றாள் என் மனைவி. அவள் கால் சரியாகிவிட்டது, ஆனால் ஓடுகிற பிள்ளையைத் துரத்துகிற அளவுக்கு இல்லை.

மகள் வேலை தேடி அலைந்தாள். எங்கே போனாலும் முதல் கேள்வி, 'பிள்ளையை யார் பார்த்துக்குவாங்க?' என்பதுதான். பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் என்றாலே பயம்.

ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. தெரியாத எண். அந்த இன்னொரு ஊர்க் கம்பெனியின் மேனேஜர். புதிதாகப் பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறதாம், முதல் ஆடிட் அடுத்த வாரமாம், யாரோ என் பெயரைச் சொன்னார்களாம். "காப்பகம் முழு செட் இருக்குமாமே உங்ககிட்ட?"

ஆர்டர் எது என்று கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. மகளுக்கும் புரிந்திருக்க வேண்டும். வாண்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என நினைத்தேன். என் மகளின் சோற்றைப் பறித்த ஆர்டருக்கு நானே அலங்காரம் செய்துகொடுப்பதா என்று எனக்குமே நாக்கில் வந்துவிட்டது.

அவள் ஃபோனைப் பொத்தச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"ஆயா வேணுமான்னு கேளுங்க. நான் வரேன்."

"நீயா? அரை நாள் பயணம். ஒரு நாள் வேலைக்கு..."

"ஒரு நாள்னு யார் சொன்னா? அங்க இருக்கிற பொம்பளைங்களும் பிள்ளையை எங்கயோ விட்டுட்டுத்தானே வராங்க? பிள்ளை தூங்கினா தொட்டிலை யாராலயும் தூக்க முடியாதுன்னு அவங்ககிட்ட போய்ச் சொல்லணும். அதை இந்த ஊர்லயே வச்சிருந்து என்ன பண்றது?" வாண்டுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இவளும் வருவா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், என் முகம் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கே தெரியவில்லை. தொட்டில்கள் போனால் திரும்பாது. வாடகைச் சாமான் திரும்பாவிட்டால் அது வாடகைக் கடையே இல்லை. ஃபோனில் அந்த ஆள் "ஹலோ, ஹலோ" என்றார்.

"சொல்லுங்க சார், இருக்கேன். ஆயா நம்ம ஆளே வருவாங்க, அனுபவசாலி."

"பிள்ளைங்களும் நீங்களே கொண்டுவந்துருவீங்களாமே?"

மகள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"அது இப்ப செல்லாது சார். ஆடிட்டர் அம்மா பொல்லாதவங்க, கண்டுபிடிச்சிடுவாங்க. உங்க டெய்லருங்க பெத்த பிள்ளைங்களா இருக்கணும். எத்தனை இருக்கோ அத்தனையும் வரட்டும். தொட்டில் பத்தலைன்னா நான் இன்னும் வாங்கிப் போடறேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அந்த மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "நல்ல ஐடியாதான். ஆனா ஒண்ணு, எங்களுக்கு எடம் கம்மி. ஆடிட் முடிஞ்ச கையோட சாயங்காலமே எல்லாத்தையும் எடுத்துருவீங்கல்ல?"

"சாயங்காலமே எடுத்துருவேன் சார்" என்றேன்.

இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.